மதுரையின் ஆறு, கண்மாய், மலை, காட்டுயிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்மாய்க் கரைக்கு நடக்க வருகிறவர்கள், பள்ளியில் உள்ளூர் இயற்கை பற்றிக் கட்டுரை எழுத வேண்டிய பிள்ளைகள், புறநகரில் இடம் பார்க்கிறவர்கள் என்று பல பேர் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். மதுரையில் மலை, ஓடை, கண்மாய், ஆறு எல்லாமே ஒரே நீர்வழியில் அடுத்தடுத்து இருப்பவை. பறவையும் மீனும் தேவாங்கும் அந்த வழியை நம்பித்தான் இருக்கின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி, இந்த வழி எங்கே அறுந்தது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

மதுரைப் பக்கம் காடு என்று சொல்ல என்ன இருக்கிறது? எல்லாம் பொட்டல்தானே?

பொட்டல் என்று தோன்றுவதற்குக் காரணம் நாம் பசேலென்ற மலைக்காட்டை மட்டுமே காடு என்று பழகிவிட்டதுதான். மதுரையைச் சுற்றி இருப்பது வறண்ட நிலத்துக் காடு. உசிலை, வேலம், ஆத்தி, கள்ளி, முட்புதர் என்று கோடையில் இலை உதிர்த்து நிற்கும், ஐப்பசி மழைக்குத் தளிர்க்கும். வடக்கே அழகர் மலை, வடமேற்கே வாடிப்பட்டிக்கு மேலே சிறுமலைச் சரிவு, மேற்கே நாகமலை, தென்மேற்குக் கோடியில் சாப்டூர்க் காடு. இவற்றுக்கு நடுவில் யானைமலை, திருப்பரங்குன்றம், சமணர் மலை, பசுமலை போல வெறும் பாறைக் குன்றுகள்.

அழகர் மலையில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். நூபுர கங்கை வருடம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருப்பதால் பள்ளத்தாக்கில் நிழலும் ஈரமும் நிற்கின்றன. பழமுதிர்சோலைக்கு மேலே ராக்காயி அம்மன் கோயில் பாதையில் காலையில் நடந்தால் அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவியின் விசில் சத்தமும் கேட்கும். மலையில் காட்டுமாடும் உண்டு. கோடையில் அது அடிவாரத் தோப்புகளுக்கு இறங்கி வரும்.

வைகை எங்கே பிறந்து எங்கே முடிகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் வருசநாட்டு மலையில் பிறக்கிறது. சுருளியாறு, கொட்டக்குடியாறு, வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி எல்லாம் வழியில் வந்து சேருகின்றன. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுமார் 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது. அந்தக் கண்மாய் நிறைந்து மிஞ்சினால்தான் கடலுக்குத் தண்ணீர் போகும். நேராகக் கடலில் கலக்காமல் வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பிக்கொண்டு போகும்படி பழையவர்கள் அமைத்த ஆறு இது. கடலுக்குப் போகவில்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை. அத்தனை தண்ணீரும் வயலுக்குப் போயிருக்கிறது என்று பெருமைப்படலாம்.

பிறகு ஏன் மதுரைக்குள் வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது?

வைகை எப்போதுமே மழையை நம்பிய ஆறுதான். மதுரைக்கு வருடத்துக்குச் சுமார் 85 செ.மீ. மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். ஆனால் முன்பு மணலுக்கு அடியில் ஊற்று இருந்தது. மேலே காய்ந்து கிடந்தாலும் கையால் தோண்டினால் தண்ணீர் ஊறும். அந்த மணல் பல ஆண்டுகளாக அள்ளப்பட்டுவிட்டதால் ஊற்றும் போய்விட்டது.

அணைகளும் ஒரு காரணம். 1895-ல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது, மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பியது. அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கையும் மேலூர் வட்டாரத்தையும் நெல் விளையும் பூமியாக்கியது. 1959-ல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை வந்தது. இன்று அணையிலிருந்து திறக்கும் பாசனத் தண்ணீரில் பெரிய பங்கு பேரணையில் திரும்பிப் பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக மேலூர் வரை போகிறது. ஆற்றுக்குள் தண்ணீர் விடுவது சிவகங்கை, ராமநாதபுரத்துக்குப் பங்கு கொடுக்கும்போது, வெள்ளம் வரும்போது, அப்புறம் கள்ளழகர் இறங்கும் சித்திரைத் திருவிழாவின்போது. மற்ற நாளில் ஏ.வி. பாலத்துக்கு அடியில் நீங்கள் பார்க்கிற ஈரம் பெரும்பாலும் சாக்கடைதான்.

சாக்கடையிலும் கொக்கு நிற்கிறதே, அப்படியென்றால் ஆறு நன்றாகத்தானே இருக்கிறது?

கொக்கு, மடையான், நெடுங்கால் உள்ளான், நீர்க்காகம் எல்லாம் கோரிப்பாளையம் பக்கம் நிற்பது உண்மை. அழுக்கைத் தாங்குகிற சில இனங்கள் எங்கேயும் நிற்கும். எது இல்லை என்று பார்க்க வேண்டும். மீன்கொத்தி குறைந்துவிட்டது, ஆற்று ஆலா இல்லை. ஆற்றை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையே, தண்ணீரில் சத்தும் கழிவும் அளவுக்கு மீறிப் போய்விட்டன என்பதற்குச் சான்று. ஒவ்வொரு வருடமும் சித்திரைக்கு முன்னால் அதை அள்ளிக் கரையில் போடுகிறார்கள். கழிவுநீர் வாய்க்கால்களை ஆற்றில் விடுவதை நிறுத்தாதவரை அது மறுபடி முளைக்கும்.

கிருதுமால் நதி என்று ஒன்று உண்டாமே?

உண்டு. உங்களில் பலர் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறீர்கள். நாகமலை அடிவாரத்தில் துவரிமான் பக்கம் தொடங்கி, பொன்மேனி, எல்லீஸ் நகர், கீரைத்துறை, சிந்தாமணி என்று நகரைக் குறுக்கே கடந்து தென்கிழக்கே போகிறது. நகருக்கு வெளியே அது இன்றும் பாசன ஆறு. விருதுநகர் மாவட்டம் நரிக்குடி வரை அதை நம்பிய கண்மாய்கள் உண்டு, விரகனூர் மதகணையிலிருந்து அதற்குத் தண்ணீர் விடுகிறார்கள். நகருக்குள் மட்டும் இரண்டு சிமென்ட் சுவருக்கு நடுவே கறுப்பாக ஓடுகிறது. கரையில் பிறந்து வளர்ந்தவர்களே அதை வாய்க்கால் என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

கண்மாய், ஊருணி, தெப்பக்குளம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கண்மாய் பாசனத்துக்கு. ஒரு பக்கம் பிறை வடிவில் நீளமான மண்கரை, மறுபக்கம் மேடு நோக்கி விரிந்த உள்வாய். கரையில் மடை இருக்கும், மிஞ்சிய தண்ணீர் போகக் கலுங்கு இருக்கும். ஊருணி குடிக்க. அதில் குளிக்கவோ மாட்டை இறக்கவோ பழைய ஊர்க் கட்டுப்பாடு விடாது. தெப்பக்குளம் கோயிலுக்கு.

முக்கியமானது கலுங்கு. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாயின் வரத்துக் கால்வாய்க்குள் இறங்கும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. சாத்தையாறு அணைக்குக் கீழே தொடங்கும் கண்மாய்ச் சங்கிலி குலமங்கலம், செல்லூர், வண்டியூர் என்று வந்து வைகையில் முடிகிறது. மழைக்காலத்தில் ஒரு கலுங்கின் மேல் நின்று பாருங்கள். கல் வரிசை மேல் தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணாடி மாதிரி வழியும், கீழே நுரைத்த இடத்தில் கெண்டைக் குஞ்சுகள் எதிரேறத் துள்ளும், அவற்றுக்காக மடையான்கள் கல்லுக்கு ஒன்றாகக் காத்திருக்கும். அந்தக் கல் வரிசைக்கு நடுவே சிறு கல்தூண்கள் நட்டிருக்கும். அவற்றுக்கு இடையே மண்ணும் பலகையும் வைத்து அடைத்தால் கண்மாயில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்கலாம். அடைப்பதா திறப்பதா என்பதில் மேலே உள்ள ஊரும் கீழே உள்ள ஊரும் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தைதான் நம் ஊர்களின் மிகப் பழைய நீர் நிர்வாகம்.

நகருக்குள் இருந்த கண்மாய்கள் என்ன ஆயின?

பலவற்றின் மேல் நாம் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்பது தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில். 2004-ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை எழுந்தது உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில். செல்லூர், வண்டியூர், மாடக்குளம், அவனியாபுரம், தென்கால் கண்மாய்கள் மிச்சம் இருக்கின்றன, ஆனால் சுருங்கிவிட்டன. கண்மாயைவிட அதற்கு வரும் கால்வாயைக் காணாமல் போக்குவது சுலபம். கண்மாய் கண்ணுக்குத் தெரியும், யாராவது கேட்பார்கள். ஆறடி அகலக் கால்வாயில் ஒருவர் படிக்கட்டு வைப்பார், இன்னொருவர் குப்பை கொட்டுவார், ஐந்து வருடத்தில் அது தெருவாகிவிடும்.

2024 அக்டோபர் கடைசியில் சில மணி நேரம் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குப் போகும் பந்தல்குடி கால்வாயில் சாக்கடையும் குப்பையும் அடைத்திருந்தன. தண்ணீர் தன் பழைய வழியில் போகப் பார்த்தது, வழியில் வீடுகள் இருந்தன.

தெப்பக்குளத்தில் இப்போதெல்லாம் தண்ணீர் நிற்கிறதே, எப்படி?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டியது. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வரும்படி அப்போதே வழி வைத்திருந்தார்கள். கால்வாய் தூர்ந்து போனதால் பல ஆண்டுகள் குளம் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது. தூர்வாரிச் சரிசெய்ததும் தண்ணீர் வந்துவிட்டது. புது ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை, பழைய வழியைத் திறந்தால் போதுமாக இருந்தது. சுற்றியுள்ள தெருக்களில் கிணறும் ஆழ்துளைக் குழாயும் ஊறத் தொடங்கியதை அங்கே குடியிருப்பவர்களிடமே கேட்கலாம்.

கண்மாயை ஆழமாகத் தோண்டி, சுற்றி நடைபாதை, பூங்கா, படகு எல்லாம் போட்டால் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்கிற வேலைதான் இங்கே அதிகம் கெடுக்கிறது.

தூர்வாருவது தேவை, சந்தேகமில்லை. ஆனால் கண்மாய் ஒரே ஆழத்தில் இருக்கும் தொட்டி கிடையாது. கரையோரம் ஆழம், உள்வாய்க்குப் போகப் போகக் குறைந்து, கடைசியில் கணுக்கால் தண்ணீர், அப்புறம் சேறு, அப்புறம் கோரைப்புல், அப்புறம் மேய்ச்சல் தரை. ஒவ்வொரு ஆழமும் ஒவ்வொரு உயிருக்கு. நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் ஆழம் வேண்டும். நத்தைக்குத்தி நாரை முழங்கால் தண்ணீரில் நின்று சேற்றுக்குள் அலகைத் துழாவி நத்தை எடுக்கும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் உள்ளான் வகைகளுக்குச் சேறுதான் சாப்பாட்டு மேசை. நீலத் தாழைக்கோழி கோரைக்குள் கூடு கட்டும். தங்கச்சி வந்திருக்கிறாளா என்று எட்டிப் பார்க்கும் அக்காவைப் போல, கோரை விலக்கி ஊதா நிறத்தில் அது தலை நீட்டுவதை வண்டியூர்க் கண்மாயில் இன்னும் பார்க்கலாம்.

இப்போது ஜேசிபி இறக்கி நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, மேலே நடைபாதை போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். சேறு போய்விடும், கோரை போய்விடும், நடுவில் மண்திட்டும் நாட்டுக் கருவேல மரமும் போய்விடும். மிஞ்சுவது நீர்க்காகமும் ஜிலேபிக் கெண்டையும். ராத்திரி முழுக்க எரியும் விளக்கு வேறு.

நடைபாதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மக்கள் கரைக்கு வந்தால்தான் குப்பை கொட்டுகிறவர் பயப்படுவார். கரை இருக்கும் பக்கம் மட்டும் பாதையும் விளக்கும் வையுங்கள். உள்வாய்ப் பக்கத்தைச் சரிவாக, சேறாக, அப்படியே விடுங்கள். மண்திட்டுகளில் நாட்டுக் கருவேலத்தையும் நீர்க்கடம்பையும் நடுங்கள். வேலையைக் கோடையில் முடியுங்கள். குளிர்காலத்தில் எந்திரம் இறங்கினால் கூட்டிலிருக்கும் குஞ்சுகளைக் காப்பாற்ற வழியே இல்லை.

சீமைக் கருவேலத்தை வெட்டுவதா வேண்டாமா?

வெட்டலாம், வெட்டவும் வேண்டும். 2017 வாக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரெங்கும் அந்த வேலை நடந்தது. ஆனால் வேரோடு எடுக்காமல் மேலே மட்டும் வெட்டினால் முன்பைவிட அடர்த்தியாகத் தழைக்கும். வெட்டிய இடத்தில் வேறு மரம் வைக்காவிட்டாலும் அதுவே திரும்ப வரும். இன்னொன்று, பல கண்மாய்களில் நாரையும் கொக்கும் கூடு கட்ட மிச்சம் இருப்பது இந்த மரம்தான். நாட்டு மரம் வளரும்வரை சில திட்டுகளை விட்டுவைத்துப் படிப்படியாக எடுப்பது புத்திசாலித்தனம்.

அயிரை மீன் ஏன் இவ்வளவு விலை?

மதுரைக்காரர்களுக்கு இது வயிற்றுக் கேள்வி! அயிரை விரல் நீளம்கூட இருக்காது. மணலும் மெல்லிய சேறும் கலந்த தரையில் புதைந்து வாழும். மணல் போன ஆற்றிலும், கழிவு தேங்கிய கண்மாயிலும் அதற்கு இடமில்லை. கண்மாய் வற்றும் பங்குனி, சித்திரையில் மேலூர், சிவகங்கைப் பக்கம் ஊர்கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரக்கணக்கில் இறங்குவார்கள். விராலும் கெளுத்தியும் கெண்டையும் கிடைக்கும், விற்பதில்லை, அவரவர் வீட்டுக் குழம்புக்கு. கண்மாய் நிறைந்த வருடத்தில்தான் அந்தத் திருவிழா களைகட்டும்.

அரிட்டாபட்டி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். ஏழு பாறைக் குன்றுகள், அவற்றிலிருந்து வழியும் நீரைப் பிடிக்க 72 ஏரி, குளங்கள், சுமார் 200 ஊற்றுகள் என்று அரசின் அறிவிப்பே சொல்கிறது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய், குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, 2,200 ஆண்டுப் பழமை கொண்ட தமிழி எழுத்து எல்லாம் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

உயிர்கள் பக்கம் வந்தால், சுமார் 250 பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. தென்னிந்தியாவில் அரிதாகிவிட்ட லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் இங்கே உண்டு. இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை வேட்டைப் பறவைகளா என்று கேட்பீர்கள். செங்குத்துப் பாறையில் மனிதக் கைக்கு எட்டாத விளிம்பு கூடு வைக்கக் கிடைக்கிறது. கீழே வயலில் எலியும், புதரில் ஓணானும், பாறை இடுக்கில் மாடப்புறாவும் கிடைக்கின்றன. வீடும் சோறும் ஒரே இடத்தில். பாறையில் விழும் மழை அவ்வளவும் ஓடையாக இறங்குவதால்தான் கீழே வயல் இருக்கிறது. குன்றை உடைத்தால் வல்லூறு மட்டும் போகாது, கண்மாயும் போகும்.

இது ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிச் சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க மத்திய அரசு ஏலம் முடித்தது தெரிந்ததும் கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ல் மேலூர் வட்டார மக்கள் பல்லாயிரம் பேர் தல்லாகுளம் வரை பேரணியாக வந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி ஏலம் ரத்தானது. பொங்கலுக்கு முந்தின வாரத்தில் வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்த அந்தப் பெண்களைத்தான் நான் இந்த வட்டாரத்தின் காடு காப்பாளர்கள் என்பேன்.

கிரானைட் குவாரிகளால் என்ன நடந்தது?

மேலூர் பக்கம் பல குன்றுகள் பள்ளங்களாகிவிட்டன. கழிவுக் கல்லைக் கண்மாயிலும் கால்வாயிலும் கொட்டினார்கள். 2012-ல் அன்றைய ஆட்சியர் உ. சகாயம் அறிக்கை அனுப்பியபிறகுதான் வெளியே தெரிந்தது. 2014-ல் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்து, 2015-ல் அறிக்கை வந்தது. 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்தபோது ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள் கிளம்பி நிறுத்தியதால்தான் அந்த மலை இன்னும் முழுதாகப் படுத்திருக்கிறது.

தேவாங்கு நிஜமாகவே நம் பக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. அழகர் மலை அடிவாரம், நத்தம் சாலையோரக் காடுகள், அரிட்டாபட்டி எல்லா இடத்திலும். பகலில் முட்புதருக்குள் பந்தாகச் சுருண்டு தூங்கும், இருட்டியதும் கிளம்பும். கால் கிலோ எடை இருக்கும். இரண்டு பெரிய கண், குச்சி மாதிரிக் கைகால், வால் கிடையாது. ஒரு கிளையை விட்டு அடுத்ததைப் பிடிக்குமுன் கையை நீட்டி, நிதானித்து, பிடி உறுதியானபிறகே பின்காலை எடுக்கும். குதிக்கத் தெரியாது. அதனால்தான் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டினால் தேவாங்கு தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும், லாரிச் சக்கரத்துக்கு அது தெரியவே தெரியாது. மாந்திரீகத்துக்கு என்று பிடிப்பது இன்னொரு கொடுமை. திண்டுக்கல், கரூர் எல்லையில் கடவூரில் 2022-ல் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 11,806 ஹெக்டேர். டார்ச் அடித்துத் தேடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கோவில்காடு என்பது என்ன?

ஊர்க்காவல் சாமிக்கு என்று விட்ட காடு. அதில் சுள்ளி ஒடிக்கக்கூட மாட்டார்கள். இடையபட்டி வெள்ளிமலைக் கோவில்காட்டில் உசிலை மரங்கள் அடர்ந்து நிற்பதைப் பார்த்தால், மதுரை வட்டாரம் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று புரியும். அழகர் மலைக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு 2025-ல் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அது ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. பரப்பளவு சிறியது என்று ஒரு காட்டை ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மதுரை மாவட்டத்தில் புலி உண்டா?

மாவட்டத்தின் தென்மேற்கில் பேரையூர் வட்டத்துச் சாப்டூர் வனச்சரகம், 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே யானை, சிறுத்தை, சாம்பல் நிற மலை அணில் எல்லாம் உண்டு. அந்தக் காப்பகத்துக்குள் இருக்கும் மேகமலை, வருசநாட்டுக் காடுதான் வைகையின் நீர்ப்பிடிப்பும். சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் போகிறவர்கள் இந்தக் காட்டுக்குள்தான் நடக்கிறார்கள். மழை பெய்தால் அனுமதி நிறுத்துவது ஓடையில் திடீர் வெள்ளம் வருவதால், சண்டை போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கீழே இறங்கும்வரை தோளிலேயே வைத்திருங்கள்.

மயில் இவ்வளவு பெருகியது எப்படி? வயலை நாசம் செய்கிறதே!

குள்ளநரியும் காட்டுப்பூனையும் குறைந்துவிட்டன, தரையில் இடும் முட்டையைத் தின்ன ஆளில்லை. சீமைக் கருவேலப் புதர் ஒளிய இடம் தருகிறது. தரிசு அதிகமாகிவிட்டது. நெல், நிலக்கடலை போட்டவர்களின் நஷ்டம் உண்மையானது, அதைப் பேசாமல் மயிலை மட்டும் கொண்டாடுவது நியாயம் இல்லை. ஆனால் விஷம் வைத்தால் 1972-ம் வருடத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பயிர்ச்சேதத்தை கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது. என்ன செய்வது?

தள்ளி நில்லுங்கள், கண்ணை மட்டும் அதன் மேலிருந்து எடுக்காதீர்கள். 101 அல்லது 112-க்கு அழையுங்கள், தீயணைப்புத் துறையினர் பிடித்துக் காட்டில் விடுவார்கள். பெரும்பாலும் வருவது சாரை, அது எலிக்காக வந்திருக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் ஆபத்தானவை. கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்க ஓடாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மாற்று மருந்து அங்கே இலவசம். கட்டுவிரியன் ராத்திரி தூக்கத்தில் கடிக்கும், வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலியும் இமை சொருகலும் இருந்தால் தாமதிக்கக் கூடாது.

பறவை பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

கார்த்திகை முதல் மாசி வரை, காலை ஆறரைக்கு முன் போய்விடுங்கள். நகருக்குள் வண்டியூர், அவனியாபுரம் கண்மாய்கள். கொஞ்சம் வெளியே சாமநத்தம் கண்மாய், இதைச் சரணாலயமாக்க வேண்டும் என்று பறவை ஆர்வலர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள், நியாயமான கோரிக்கை. கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தில் இலைக்கோழி இலை விட்டு இலை நடப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயம். அதை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டவர்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எழுதி இணையத்தில் ஏற்றினால் போதும். காக்காயும் மைனாவும் மட்டும் தெரிந்தாலும் அதையே எழுதுங்கள்.

வாங்கப் போகும் மனை கண்மாயில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புரோக்கர் காட்டும் வண்ணப் படத்தை நம்பாதீர்கள். சர்வே எண்ணை வாங்கி அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நீர்நிலை, ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால் விலகிவிடுங்கள். 2007-ம் வருடத்து ஏரி பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் பின்னால் இடிக்கலாம். புலப்படத்தில், அதாவது அந்த சர்வே எண்ணின் அளவைப் படத்தில், மனைக்குப் பக்கத்தில் கால்வாய்க் கோடு இருந்தால், இடத்தில் போய் அந்தக் கால்வாய் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் இருந்து தரையில் இல்லை என்றால் யாரோ மூடியிருக்கிறார்கள். அப்புறம் பக்கத்துத் தெருவில் வயதானவர் யாரிடமாவது, ஐப்பசி மழைக்கு இங்கே தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கேளுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் ஒருமுறை இடத்தைப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.